மூன்று விரல் சந்து

ஓசூரில் வேலை கிடைத்துப் போனபோது
தம்பி தன் கண்ணாடித் தொட்டியை
எங்கள் அம்மாப்பேட்டை வீட்டில் இறக்கிவிட்டான்.
ஒரு கோல்டு ஃபிஷ், நான்கு கறுப்பு மோலி,
நீலக் கூழாங்கல் ஒரு கிலோ.
“பூனை இருக்கேடா” என்றேன்.
“மூடி இருக்கேக்கா” என்றான்.

பூனைகள் இரண்டு.
கேட்காமல் வந்ததற்கு வட்டி என்று பெயர்.
அது போட்டது குட்டி.
எங்கள் தெருவில் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

பிளாஸ்டிக் மூடியை முதல் இரவே வட்டி புரட்டிவிட்டது.
காலையில் எண்ணினால் மோலிகள் மூன்று.
நான்காவது டிவிக்குப் பின்னால்
புளியங்கொட்டைபோல் காய்ந்து கிடந்தது.
துள்ளி விழுந்திருக்கிறது.
ஒரு பல் தடம்கூட இல்லை.
ஆனாலும் வட்டியைத்தான் திட்டினேன்.

மாதேஸ் பட்டறையிலிருந்து
துளைபோட்ட எவர்சில்வர் தகடு வெட்டிவந்து மூடினான்.
ஃபில்டர் குழாய் நுழைய மட்டும்
ஓர் ஓரத்தில் மூன்று விரல் சந்து.

ஆரஞ்சு வாசம் பூனைக்கு ஆகாது என்றாள்
வார்டில் உடன் வேலை செய்யும் ஸ்டெல்லா.
ஏற்காட்டுப் பழம் இரண்டு கிலோ தின்று
தோலைத் தொட்டியைச் சுற்றிப் பரப்பினேன்.
குட்டி அதை உருட்டி விளையாடியது.
இருபுறமும் ஒட்டுகிற டேப் ஒட்டினேன்,
அதில் என் நைட்டிதான் சிக்கியது.
கடைசியாக, இஸ்திரிக்கு வைத்திருந்த ஸ்பிரே பாட்டில்.
மூஞ்சியிலேயே பீய்ச்சினேன்.
வட்டி ஓடவில்லை.
மூக்கில் வழிந்ததை நிதானமாக நக்கி முடித்து
இன்னும் கொஞ்சம் என்பதுபோல் நின்றது.

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.
பதினோரு வருடமாக
உதடு பார்த்து, புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்து,
“நாக்கை நீட்டுங்க” என்று
சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

ஒரு செவ்வாய், ஷிப்ட் முடிந்து
பத்தரைக்குக் கதவைத் திறந்தேன்.
தொட்டி விளக்கு மட்டும் எரிந்தது.
தகட்டின் மேல் குப்புறப் படுத்து
சந்துக்குள் முகத்தை அமுக்கிக்கொண்டிருந்தது வட்டி.
செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

சளக், சளக், சளக்.

குடித்துக்கொண்டிருந்தது.
கீழிருந்து கோல்டு ஃபிஷ் மெதுவாக ஏறி வந்து
தீனி என்று நினைத்தோ என்னவோ
அந்த நாக்கை வாயால் தொட்டது.
வட்டி நாக்கை இழுத்துக்கொண்டது.
சற்று யோசித்தது.
மறுபடி நீட்டியது.

செருப்போடு நின்றேன்.

மீனுக்கு ஊற்றுவது மேட்டூர்த் தண்ணீர்,
குழாயில் வரும் நாளில் பிடித்து
இரண்டு நாள் டிரம்மில் ஆறவிட்டது.
சோறு பொங்க, குடிக்க, எங்களுக்கும் அதுதான்.
பூனைக் கிண்ணத்தில் மட்டும் போர் தண்ணீர்.
சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளை பூக்கும்,
வாயில் வைத்தால் நானே துப்புவேன்.
பூனைக்கென்ன தெரியும் என்று
தினமும் அதைத்தான் நிரப்பினேன்.

மறுநாள் அடுப்படி மூலையில்
அகலக் கிண்ணம் நிறைய மேட்டூர்த் தண்ணீர் வைத்தேன்.
இரண்டும் தலை தூக்காமல் குடித்தன.

இத்தோடு முடிந்தது என்று சொல்லமாட்டேன்.
குடித்து முடித்து, வாய் துடைத்து,
வட்டி திரும்பவும் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தது.
வால் நுனி மட்டும் அசைந்தது.
அது தாகமில்லை.
தகடு அப்படியே இருக்கட்டும் என்றேன்.
மாதேஸ் சந்தில் பஞ்சை வைத்து அடைத்தான்.

பத்தரைக்கு நான் வரும்போதெல்லாம்
கோல்டு ஃபிஷ் அந்த மூலையில் மேலேறி நிற்கிறது.
பஞ்சைப் பார்த்து
வாயைத் திறக்கிறது, மூடுகிறது.
சாயங்காலத் தீனியை
மாதேஸ் போட்டுவிட்டதாகத்தான் சொல்கிறான்.