ஆறு பென்னி

பாத் நகரத்தில் எந்தத் தெருவும் மேடுதான்.
லான்ஸ்டவுன் மேட்டிலிருந்து வெந்நீர்க் கூடம் வரை
சர் ஆம்ப்ரோஸ் டெலஹைடைச் சுமந்துபோய் இறக்க
ஆறு பென்னி.
மழையானாலும் அதே ஆறு பென்னி.

பல்லக்கு அவருடையது. தோள் எங்களுடையது.
முன்தண்டில் ஹன்ராட்டி, பின்தண்டில் நான்.
முன்னால் போகிறவனுக்குத் தெரு தெரியும்,
எனக்குப் பெட்டியின் முதுகு மட்டும்.
அதில் ஒரு கேடயம் தீட்டியிருந்தது:
வெள்ளையில், மணிக்கட்டோடு வெட்டிய
சிவப்பு இடக்கை.
பாரோனெட் என்றால் அந்தக் கை உண்டாம்.
இரண்டு வருடம் அதற்கு நேராக மூச்சுவிட்டு நடந்தேன்.
போ என்கிறதா, நில் என்கிறதா,
பிடிபடவில்லை.

அவருக்கோ கையில் ஒன்றுமில்லை.
நோய் காலில்.
பெருவிரல் அவித்த நண்டாய்ச் சிவந்து
போர்வை பட்டாலே அலறுவார்.
மன்றத்தில் வாக்களிப்பது கைதூக்கி அல்ல,
எழுந்து நடந்து ஒரு பக்கமாய்ப் போய் நிற்பது
என்று ஹன்ராட்டி எங்கோ கேட்டுவந்தான்.
"நடந்த காலைத்தான் பிடித்திருக்கிறது, பார்."
சிரிக்க எனக்கு மூச்சில்லை.

நவம்பரில் ஒருநாள்
மில்சம் தெரு முனையில் தோள் மாற்ற இறக்கினோம்.
கண்ணாடி கீழே இறங்கியது.
"உன் பேச்சு எந்த ஊர்?"
"கிலாரட், ஐயா."

கண்ணாடி ஏறவில்லை.

கிலாரட்டுக்கு இருபத்திரண்டு வருடம் அவர்தான் உறுப்பினர்.
வாக்காளர் பதிமூன்று பேர்,
பதினொருவர் அவருக்கு மாமன் மச்சான்.
டப்ளின் மன்றத்தை இழுத்துப் பூட்டியபோது
ஊருக்கு நஷ்டஈடு பதினைந்தாயிரம் பவுண்டு.
ஊருக்கு என்றால் அவருக்கு.
மன்றத்தை ஒரு வங்கி வாங்கிக்கொண்டது.

"அங்கே ஆறு ஓடுகிறதா?" என்றார்.
"ஓடுகிறது, ஐயா. உங்கள் பெயரில் பாலம்கூட உண்டு."
"அப்படியா," என்றார்,
யாரோ வீட்டுக் கல்யாணத்தை விசாரிப்பதுபோல.
"நான் அந்தப் பக்கம் போனதில்லை."

அன்று ஒரு ஷில்லிங் நீட்டினார்.
மீதி அவர் கேட்கவில்லை.
நான் கொடுக்கவுமில்லை.

இரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்:
பவுண்டுக்கு நாற்பது ஆறு பென்னிகள்.
பதினைந்தாயிரம் என்றால் ஆறு லட்சம் நடை.
ஹன்ராட்டிக்குப் பாதி போக
பன்னிரண்டு லட்சம்.
மேட்டில் ஏறி இறங்கி எண்ணிக்கொண்டே
எங்கோ தூங்கிப்போனேன்.

மாசிக் குளிரில் அவர் போய்விட்டார்.
மகன் இல்லை; பட்டமும் கூடவே போயிற்று.
பல்லக்கை ஏலத்தில் எடுத்தவர் பிரிஸ்டல் சர்க்கரை வியாபாரி,
முதுகு முழுக்கப் பச்சை பூசச் சொன்னார்.
மலிவுப் பூச்சு.
மழையில் ஊறினால்
உள்ளிருந்து ஐந்து விரலும் தெரிகின்றன.

இவர் கனம் அதிகம்.
கூலி ஆறு பென்னிதான்.