உழுதவள் கணக்கு

ஓல் கலூ உயர்நிலைப் பள்ளியில்
வேலைவாய்ப்பு நாள்.
வங்கிக்கு ஒரு மேசை, ராணுவத்துக்கு ஒரு மேசை.
நடுவே கிடந்த இடைவெளியில்
எனக்கும் ஒன்று போட்டார்கள்.
ஒரு கால் ஆடியது.
செய்தித்தாளை மடித்து முட்டுக் கொடுத்தேன்.

வங்கிக்காரர் செரோனோ பலூன் கட்டியிருந்தார்.
தண்டால் எடுத்தவனுக்கு ராணுவம் தொப்பி கொடுத்தது.
என்னிடம் ஒரு கூடை விதைக்கிழங்கு,
ஊதா முளை விட்டது, எண்ணி நாற்பது.
அப்புறம் இந்தக் கணக்கு நோட்டு.

பெயர் வருகுரு. வயது இருபத்தேழு.
நகுருவில் ஒரு கம்பிக்கூண்டுக்குள் உட்கார்ந்து
அடுத்தவர் பணத்தை அடுத்தவருக்குக்
கைபேசியில் அனுப்பிக்கொண்டிருந்தேன், மூன்று வருஷம்.
ஏன் விட்டாய் என்கிறார்கள்.
பெரிய ஞானமெல்லாம் இல்லை.
வரிசையில் நின்றவர்களில்
தடித்த கட்டு வாங்கிப் போனவள் கிழங்கு விற்றவள்.
எண்ணிக் கொடுத்தது நான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாதாம்.
உழுதவள் பார்த்தால்?
நோட்டைத் திறந்து காட்டினேன்.

முதல் வருஷம். குத்தகை நிலம், இரண்டு ஏக்கர்.
ஜனவரியில் ஓர் இரவு உறைபனி.
விடிந்தபோது இலையெல்லாம் வெந்த கீரை.
மிஞ்சியது கடன்; அதுவும் செரோனோவின் வங்கியில்.
(அவர் பலூனைச் சரிசெய்தபடி
வேறு பக்கம் பார்த்தார்.)

இரண்டாம் வருஷம் விளைந்தது. தரகன் வந்தான்.
மூட்டை என்றால் வாய் வரை என்றிருந்தேன்.
அவன் வாய்க்கு மேல் வலையைத் தைத்து,
மூட்டைக்குத் தலைப்பாகை கட்டி,
ஒன்றின் விலைக்கு ஒன்றரை கேட்டான்.
நாங்கள் பதினொரு பேர், எல்லாரும் முப்பதுக்குள்,
காசு போட்டுத் தராசு வாங்கினோம்.
அவ்வளவுதான் எங்கள் புரட்சி.
ஒரு வாரம் ஒரு கிழங்கும் நகரவில்லை.
எட்டாம் நாள் கிலோக் கணக்கில் போனது.

கபூரா என்றொரு பெண் கேட்டாள்:
"நகத்தை எப்படி வச்சிருக்கீங்க?"
சனி வரை கறுப்பு, ஞாயிறு சிவப்பு.
காட்டினேன். சிரித்தாள்.
பின்வரிசையிலிருந்து கிஹாரா: "மழை பொய்த்தால்?"
பொய்க்கும் என்றேன்.
"அப்புறம்?"
அந்தப் பக்கத்தில்
நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
அவன் வங்கி மேசைக்குப் போனான்.

மண்ணைத் தாய் என்று பாட வரவில்லை, பிள்ளைகளே.
மண் ஒரு பங்காளி.
சண்டை பிடிக்கும், பங்கும் தரும்.
உங்கள் கணக்குப் பாடம் எனக்கு வேண்டும்.
லாரியின் வயிற்றைத் திறந்து மூடத் தெரிந்தவன் வேண்டும்.
தரகன் முகத்துக்கு நேரே
சிரிக்காமல் விலை சொல்பவள் வேண்டும்.
எங்கும் இடம் கிடைக்காதவர்களை
எங்களிடம் தள்ளிவிடுகிறார்கள்.
முதல் மதிப்பெண் எடுத்தவளே,
உன்னைத்தான் கேட்கிறேன்.

பெயர் எழுத ஒரு தாள் வைத்திருந்தேன்.
நாலு மணிக்கும் அது வெள்ளையாகவே கிடந்தது.
கூடையைத் தூக்கினேன். இலேசாக இருந்தது.
பழக்கதோஷம், எண்ணினேன்.
முப்பத்தொன்று.

ஒன்பதைக் காணோம்.
விடுதி அடுப்பில் வெந்துகொண்டிருக்கலாம்.
ஒருவன் இன்னொருவன் மண்டையைக் குறிபார்த்திருக்கலாம்.
நோட்டில் தேதி போட்டேன்.
நஷ்டத்தில் எழுதவா, விதைப்பில் எழுதவா?
வாசலில் லாரி ஒலி எழுப்பியது.

பேனாவை மூடிவிட்டுப்
பென்சிலால் எழுதினேன்:
விதைப்பு, ஒன்பது.