ஐந்து தரம்

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி.
ஜன்னல் நிறையத் துறைமுகம்.
பகல் முழுக்க நான் எண்ணிய கொண்டெய்னர்கள்
இப்போது வேறு யாருடையவோ இரவுக் கணக்கில்.

வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு கொண்டெய்னர்.
இரும்பில்லை, துருவில்லை, சீல் இல்லை.
மூடி உடைந்த பழைய லெப்டொப்புக்குள்
ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி.
அதற்குள்தான் வீட்டின் மூளை.

மூன்று பல்ப்.
இரண்டு, புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கியவை.
ஒன்று முந்தியே இருந்தது.
மூன்றும் அதே வை-ஃபையில்
இங்கே இருக்கிறேன் இங்கே இருக்கிறேன் என்று
விடாமல் கத்துகின்றனவாம்.
திரையிலோ
சாதனம் எதுவும் கண்டறியப்படவில்லை.

இரண்டு ராத்திரி இப்படியே.
டுபாயிலிருந்து தம்பி ரஜீவன் சொன்னான்:
"அக்கா, பெட்டிக்குத் தனி நெட்வொர்க் குடுத்து வைச்சிருக்கிறாய்.
அது வேறை ஊரிலை இருக்கு.
வாசல்லை நிண்டு கூப்பிட்டா
அதுக்கு எப்பிடிக் கேக்கும்?"

மாற்றியது ஒரு வரி.
வரிக்கு முன்னால் இரண்டு இடைவெளி விட மறந்ததில்
இன்னும் அரை மணி போயிற்று.

பிறகு ஹோல் லைட் வந்தது.
குசினி வந்தது, கொஞ்சம் யோசித்து.
படுக்கையறை மட்டும்
'இந்த விளக்கு இன்னொரு வீட்டில் இணைக்கப்பட்டுள்ளது.'

அதை இணைத்தது நிரோஷனின் போன்.
அவன் போய்ப் பதினொரு மாதம்.
பல்புக்கு யாரும் சொல்லவில்லை.

மறக்கச் செய்யும் வழி
பெட்டிக்குள் மடித்த தாளில் இருந்தது:
அணை, போடு. ஐந்து தரம்.
அவசரப்படாமல், தாமதிக்காமல்.

நாலாவதில் கை பிசகியது.
மறுபடி முதலிலிருந்து.
ஐந்து முடிந்ததும்
பல்ப் தானாகவே சிமிட்டிச் சரி என்றது.

அப்போதுதான் பார்த்தேன்.
ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், எதிர் மாடியில்
ஒரு மஞ்சள் வெளிச்சம்
அணைந்து எரிந்தது. அணைந்து எரிந்தது.
எண்ணினேன், தொழில் பழக்கம்.
ஐந்து.

ஜன்னலில் ஒரு பெண். தோளில் துவாய்.
பெயர் தெரியாது.
என் போனின் வை-ஃபை பட்டியலில்
பூட்டுப் போட்டபடி தினமும் வரும்
'ஜெசிமா வீடு' அவளுடையதாக இருக்கலாம்.

கையை விரித்துக் கேட்டாள்: என்ன?

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.
நம்பவில்லைப் போல.
நான் திரையில் விரலை வைத்து
படுக்கையறையை முப்பது வீதத்துக்குத் தணிக்கும்வரை
அங்கேயே நின்றாள்.