ஆறு எழுத்து

மயிலாடியில் என் பட்டறையில்
எழுத்துக்குப் பதினைந்து ரூபாய்.
புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே காசுதான்.
தமிழில் ஒற்று அதிகம் என்று சண்டைக்கு வருவார்கள்.
கல்லறைக்காரர்களுக்குச் சிலுவை இலவசம்.

மேல்புறம் ஜங்ஷன் நிழற்குடைக்கு
முன்னாள் ராணுவத்தார் சங்கத்தின் ஆர்டர்:
மூன்றடிக்கு இரண்டடி, கறுப்பு கிரானைட்.
நாயக் த. வில்பிரட், வீர் சக்ரா,
மறைவுக்குப் பின்.
வாசகம் வாட்ஸ்அப்பில் வந்தது,
யாரோ தமிழாக்கி, ஒரு வாத்தியார் பிழை பார்த்து:
‘கடும் பனியிலும் எதிரியின் குண்டு மழையிலும்
தன் உயிரைத் துச்சமென மதித்து
காயம்பட்ட மூவரை ஒவ்வொருவராய் மீட்டு
நான்காம் முறை சென்றபோது’

படம் செதுக்கப் பதக்கம் வேண்டும் என்றேன்.
மூன்று பஸ் மாறி அவளே கொண்டுவந்தாள்.
மேபல். நகக்கண்ணில் ரப்பர் பால் கறை.
சொசைட்டி பாஸ்புக் உறைக்குள்ளிருந்து எடுத்தாள்:
பாதி கருநீலம், பாதி காவி, ஒரு துண்டு நாடா,
கீழே வெள்ளி வட்டம், ஐந்து முனை நட்சத்திரம்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
என் உளியில் பாதி கனம் இல்லை.
விளிம்பில் அவர் பெயர், நூல் போல.
அந்தப் பொடி எழுத்து என் மிஷினுக்கு வராது.

கல்லில் பென்சிலால் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள்,
உதடு அசைய ஒருதரம், அசையாமல் ஒருதரம்.
பிறகு ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தாள்.
“இது வேண்டாம்.”

“அவருக்கு உயிருண்ணா நல்ல பேடி உண்டு அண்ணா.
லீவுல வந்தா மார்த்தாண்டம் சந்தையில
மீன் வாங்கப் போவவும் ஹெல்மெட்டு.
குழித்துறை ஆத்துல முட்டளவுக்கு மேல எறங்க மாட்டாரு.
கேஸ் அடச்சியாண்ணு ராத்திரி ரெண்டு மட்டம் எழும்புவாரு.
கடைசியா போன்ல கேட்டது கம்பளி சாக்ஸ்,
கால்விரல் செத்துப் போவுமோண்ணு.
மூணு தடவையும் குனிஞ்சு குனிஞ்சுதானே
திரும்பி வந்திருக்காரு?
துச்சம்ணு நெனச்சவரு நிமுந்துல்லா நடந்திருப்பாரு.”

சங்கச் செயலாளரை அழைத்தேன்,
ஓய்வுபெற்ற சுபேதார் தாணுலிங்கம்.
கெசட்டில் வந்தது, டெல்லியில் வாசித்தது,
ஒரு புள்ளியும் மாறக் கூடாது என்றார்.
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
அவள் போனைப் பார்த்துச் சொன்னாள்:
“அண்ணைக்கு வாசிச்சது எனக்கு மனசிலாவல சார்.
நான் கையத்தான் நீட்டினேன்.
இண்ணைக்குத்தான் மனசிலாச்சு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
சரி, கல்லு உடையாமப் பாரு என்று வைத்துவிட்டார்.

ஈரத் துணியால் துடைத்தேன்.
து, ச், ச, மெ, ன.
தள்ளி நின்று பார்த்தால்
‘உயிரை’க்குப் பின்னால் ஒரு ‘த்’
பிடிக்க ஆளில்லாமல் தொங்குகிறது.
அதையும் துடைத்தேன்.
மிச்சம் நின்றது:
தன் உயிரை மதித்து

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பதக்கத்தை உறைக்குள் வைத்து
ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
ஆறு எழுத்து, தொண்ணூறு ரூபாய் குறையும் என்றேன்.
சங்கத்துப் பணம், அவர்களிடமே கணக்கு சொல்லுங்கள் என்றாள்.
நாகர்கோவில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை.
ஆடியில் ஒரு நாள், களியக்காவிளையில் லோடு இறக்கிவிட்டு
திரும்பும்போது மழைக்கு ஒதுங்கினேன்.
யாரோ ஒட்டிய கண்ணீர் அஞ்சலி ஒன்று
பதக்கத்தின் ஒரு முனையை மறைத்திருந்தது.
நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், பசை நல்ல பசை.

அந்த வரி மட்டும் மற்றவற்றைவிடச் சின்னது.
நடுவாக்கி வெட்டியதில்
இரண்டு பக்கமும் வெறும் கல்.
வலது பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தது:
அருமனை 6.40

நான் அழிக்கவில்லை.
ஏழு ஆகப் பத்து நிமிடம் இருக்கையில்
பஸ் வந்தது.