ஏ அல்லது பி

நள்ளிரவு தாண்டி ஐஸ் பெட்டியோடு வந்தார் ம்தோகோசிசி.
"நாலாவது மாடி" என்றார்.
வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.
நாலாவது மாடியில் காற்றையே வடிகட்டித்தான் கொடுக்கிறோம்.

பெட்டிக்குள் இரண்டு குழாய்கள்.
ஒன்று லுவாண்ட்லே, ஐந்து வயது,
கீமோ முடிந்து ஒன்பதாம் நாள், காய்ச்சல் முப்பத்தொன்பது.
இன்னொன்று அவன் தாய் நொக்வாண்டா.
தாய்க்கு எதற்கு என்று படிவத்தைத் திருப்பினேன்.
பச்சை மையில் யாரோ எழுதியிருந்தார்கள்:
இருமலோடு வார்டுக்குள் வந்தவர்.
கீழே ஒரு கோடு.
பேனா தாளைக் கிழித்திருந்தது.

இரண்டு மணிக்கு மின்வெட்டு.
இன்று டர்பனில் எங்கள் பகுதியின் முறை.
எந்திரத்துக்கு ஐம்பது நிமிடம் வேண்டும்.
மணி பன்னிரண்டு நாற்பது.
கையுறை மாட்டும்போதே கணக்கும் ஓடியது,
மாதக் கடைசியில் என் பர்ஸுக்குள் ஓடுகிற அதே கணக்கு.

இரண்டு கார்ட்ரிட்ஜ், இரண்டு வாய்.
பக்கத்தில் பக்கத்தில் மூடின.
உள்ளே சூடும் குளிருமாக
ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி,
கண்ணுக்குத் தெரியாதது தன் பெயரைத் தானே
உரக்கச் சொல்லும்வரை பெருகும்.

வகை பிரிப்பது என் வேலை.
என் அப்பாவின் அடையாளப் புத்தகத்திலும் ஓர் எண் இருந்தது.
எந்தக் கடற்கரையில் அவர் குளிக்கலாம் என்பதை
அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.
அதனால் எழுத்துகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான்
அச்சடிக்கிறேன்.

ஒன்று ஐந்துக்குப் போன். சிஸ்டர் படையாச்சி.
"கோகிலா, அந்தப் பொம்பளை லிஃப்ட் பக்கத்துல
தரையில உட்கார்ந்திருக்கு.
பையன் கண்ணாடியைத் தட்டுறான்.
விடட்டுமா, வேண்டாமா?"

ரெண்டும் ஒரே வகையா இருந்தா விடலாம், என்றேன்.
அவனிடம் இருப்பதுதானே அவளிடமும்.
வேறாக இருந்தால் கூடாது.
அவன் உடம்பு இன்னொன்றைத் தாங்காது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது
நான் என்ன சொன்னேன் என்று.
ஒன்றாக இருந்தால், அவள்தான் கொடுத்தாள் என்பார்கள்; உள்ளே போகலாம்.
வேறாக இருந்தால், அவள் கொடுக்கவில்லை; வெளியே நிற்க வேண்டும்.
இதில் எதை நான் வேண்டிக்கொள்வது?
திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது,
எனக்காக நிற்கவில்லை.

ஒன்று முப்பத்தொன்று.
லுவாண்ட்லே: ஆர்.எஸ்.வி., பி.
நொக்வாண்டா: ஆர்.எஸ்.வி., ஏ.

படிவத்தில் முடிவுக்கு ஒரு கட்டம் உண்டு.
"இவள் இல்லை" என்று எழுதக் கட்டம் இல்லை.
சிஸ்டரிடம் சொன்னேன்:
அதை முதலில் சொல்லுங்கள்,
கதவைப் பற்றிப் பிறகு.
ரிசீவரை மேசைமேல் வைத்த சத்தம். காலடி.
ஜூலுவில் நாலைந்து வார்த்தை.
அப்புறம் ஒரு பெண்ணின் குரல்,
போனுக்குள்ளேயே வந்துவிட்டதுபோல் அருகில்:

"அப்படியானால் யாருடையது?"

சரியாக இரண்டுக்கு விளக்கு போனது.
ஜெனரேட்டர் முனகி எழுவதற்குப் பதினோரு விநாடி.
அந்த இருட்டில் நான் இருமினேன்.

போன திங்கள் ம்தோகோசிசி லீவு.
குழாய்களை வாங்க மேலே போனது நான்.
கதவிடுக்கில் தலை நீட்டி
தான் வரைந்த திமிங்கிலத்தைக் காட்டினான் ஒரு பையன்.
நீலம் போதாமல் பாதி திமிங்கிலம் பச்சை.
நான் சிரிப்பது அவனுக்குத் தெரியட்டும் என்று
முகக்கவசத்தை ஒரு நொடி
கீழே இழுத்தேனா?

விளக்கு வந்தது.
மூன்றாவது கார்ட்ரிட்ஜின் உறையைக் கிழித்தேன்.
ஒரு குச்சி எடுத்துத்
தலையைப் பின்னுக்குச் சாய்த்தேன்.
பிறகு எந்திரம் பெயர் கேட்டது.
முழுப்பெயரை அடித்தேன்.