சில்லறை

மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கைக்குக்
குதிரை எதற்கென்று கேட்பான் ரவூஃப்.
நாளை வண்டி ஓட்டப்போகிறவன் அவன்தான்.
பிடரிமயிர் வாரில் மாட்டுகிறது,
ஒரு சாண் வைத்துக்கொண்டு மிச்சத்தை இறக்கு என்று
சொல்லிவிட்டுப் புரோட்டா வாங்க நீடாமங்கலம் போனான்.

கத்தரி உதவாது.
கத்தரித்தால் புதுத் துடைப்பம்போல் விறைத்து நிற்கும்,
பந்தயத்துக்கு வந்தவனெல்லாம் அதைத்தான் பார்ப்பான்.
பறித்தால்தான் படியும்.
பறிப்பதென்றால்
அடியில் ஒளிந்திருக்கும் நீள மயிரில் நாலைந்தை மட்டும் பிடித்து
குட்டையானதைச் சீப்பால் மேலே தள்ளிவிட்டு
விரலில் ஒரு சுற்று சுற்றிச்
சுண்டி இழுப்பது. அவ்வளவுதான்.
சொல்ல எளிது.

சில்லறை என்று பெயர் இவளுக்கு.
மன்னார்குடியில் விலை பேசி முடித்தபோது
கடைசி இருநூறை நாணயமாகத்தான் கொடுத்தேன்.
விற்றவன் துண்டில் கொட்டி எண்ணி முடிக்கும்வரை
இவளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவன் கொத்தாகப் பறிப்பவன்,
மூக்கில் கயிறு முறுக்கி, கருவை மரத்தில் கட்டி.
இடது காதுக்குப் பின்னால்
ஐந்து ரூபாய் அகலத்துக்கு இன்னும் முளைக்கவில்லை.
சீப்பைக் கண்டால் கண்ணில் வெள்ளை தெரியும்.

ஆகையால் முதலில் ஓட்டினேன்.
கோரையாற்றுக் கரையில் ரெகுலேட்டர் வரை போய்த் திரும்பினோம்,
அறுப்பு மிஷின் ஏறி இறங்கிய தடத்தில்,
தைக் குளிரிலும் கழுத்து நனைகிற அளவுக்கு.
சூடான தோல் மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில்லை.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
எரிந்த காயிலைச் சூடுகாட்டித்தானே உருவுகிறோம்,
ஆறிவிட்டால் வார்னிஷ் விடாது.

ஒட்டுப்புல், நாயுருவி, ஒரு வைக்கோல் பிரி,
எந்தக் கல்யாணத்திலோ ஒட்டிய ஜிகினாத் தாள்,
எல்லாவற்றையும் விரலாலேயே எடுத்தேன்.
எண்ணெய் வேண்டாம், மயிர் வழுக்கும்.
தோள்மேட்டிலிருந்து தொடங்கினேன்,
அங்கே உறைப்பது குறைவு.
மூன்று மயிர். ஒரு சுண்டு.
ஈ உட்கார்ந்ததுபோல் தோல் மட்டும் துடித்தது.
மூன்று மயிர். கைநிறைய ஊறிய பயறு.
மூன்று மயிர்.
நூற்றுப்பத்து சுற்றானாலும் வாய் அசையாமல்
விரலே எண்ணிக்கொள்ளும் எனக்கு.
இங்கே கணக்கு தவறிக்கொண்டே இருந்தது.

பாதிக் கழுத்தில்
பின்னங்கால் தரையைத் தட்டியது, ஒரே தடவை.
உதை இல்லை. உதைக்கு நோட்டீஸ்.

பறிப்பதை விட்டேன்.
மழுங்கிய சவரப் பிளேடைப் பாதியாய் ஒடித்துச்
சீப்பின் முதுகில் இன்சுலேஷன் டேப்பால் கட்டி வைத்திருந்தேன்,
இப்படி ஆகுமென்று தெரியும்.
நுனியைக் கீழிருந்து மேலாகத் தேய்த்தேன்,
இழுக்காமல், எலி கொறிக்கிற சத்தத்தில்.
மயிர் என் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது,
இவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, எடமேலையூர்க்காரர்.
அவர் மோட்டார் நேற்றே எரிந்துவிட்டது.
எரிந்தது இனி எரியாது, நாளை மறுநாள் பார்க்கலாம்.

காதருகே வந்தபோது
தலை என் தோளில் இறங்கிவிட்டது.
முழுப் பாரம். கீழுதடு தொங்க,
மூச்சில் பயறு வாசம்.
அந்த ஐந்து ரூபாய் வழுக்கையின் மேலே
நீளமாக ஒரு கற்றை பாக்கி,
அதை எடுக்கவேண்டிய கை
இவள் தாடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்கிறது.
முழங்கை மரத்துப்போனது முதலில், பிறகு மேல்கை.

ரவூஃப் பார்சலோடு வந்து நின்று பார்த்தான்.
கழுத்து முழுக்கச் சாண், காதோரம் முழம்.
"நாளைக்குச் சிரிப்பானுங்க" என்றான்.
சால்னாவை மூடு என்று உதட்டை மட்டும் அசைத்தேன்,
வாசத்துக்கு முழித்துக்கொள்வாள்.