தூங்கியவர்களுக்குச் சொன்னது

காலை ஏழரைக்கே விடுதி வாசலில்
வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தேன்.
எட்டு மணி நேரம், ஆறு இடங்கள், மதியச் சாப்பாடு,
ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில்.
என் பெயர் அடோசிண்டா. நாக்கில் சிக்கினால்
டோசி என்றாலே போதும்.
வந்தவர்கள் பெல்ஜியத்துக்காரர்கள்,
வவுட்டர், அவர் மனைவி கோடலீவ்.
விடியவிடிய விமானத்தில் உட்கார்ந்த முகங்கள்.
'சாவோ தோமே முழுவதும் உங்கள் இருவருக்கு மட்டும்'
என்று சீட்டில் அச்சடித்திருந்தது.
அச்சடித்தவன் என் மைத்துனன்.
அவனுக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

முதலில், பாறைத் துளை வழியே கடல் சீறும் இடம்.
நரகத்தின் வாய் என்று பெயர் சொல்லி நிறுத்தினேன்.
நரகம் திறக்கவில்லை.
பேருந்துக்கு நிற்பவர்கள்போல
மூவரும் நின்றோம்.
கேமராவை உறைக்குள் போட்ட பிறகு
ஒருமுறை சீறியது.

பழைய தோட்டத்து மருத்துவமனையில்
கூரை இல்லை, ஆடுகள் இருந்தன.
படிக்கட்டு எவ்வளவு அழகு என்றாள் கோடலீவ்.
அழகுதான் என்றேன்.
அந்தச் சொல்லும் கட்டணத்தில் சேர்த்தி.

பத்தரை மணிக்கு, தெற்குச் சாலையில்,
இருவரும் தூங்கிப்போனார்கள்.
அவர் வாயைத் திறந்துகொண்டு,
அவள் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து.
என் வாய்தான் நிற்கவில்லை.
இடப்பக்கம் நீங்கள் பார்ப்பது கொக்கோ மரங்கள் என்று
பழக்கதோஷத்தில், பிரெஞ்சில்,
தொடங்கிவிட்டேன்.
அடுத்து ஒன்பது நிமிட வரலாறு வரவேண்டும்.
வரவில்லை. வேறு வந்தது.

இந்த வளைவில்தான் எர்மித்தேரியோவின் பைக்கிலிருந்து விழுந்தேன்.
முழங்காலில் நாலு தையல்.
அவன் முதலில் பைக்கைத் தூக்கினான்.
கல்யாணம் அங்கேயே நின்றது.
அதோ அந்த நீலப் பலகை வீட்டுக்காரன்
எனக்கு முந்நூறு டோப்ரா தரவேண்டும்,
வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவான், பாருங்கள்.
(சாத்தினான்.)
கேப் வெர்டேயிலிருந்து எங்கள் ஆட்களை
மூன்று வருட ஒப்பந்தம் என்று ஏற்றிவந்தார்கள்.
கப்பலுக்குத் திரும்பும் வழி மறந்துபோனது.
நீங்கள் அழகென்ற படிக்கட்டில்
பதினோராம் படியில்தான் அம்மா என்னைப் பெற்றாள்.
மேல்மாடி வரை எனக்குப் பொறுமையில்லை.

மீன் கூடையோடு நின்ற லுடோவினா
வண்டிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
'என்னடி, இன்றைக்குப் பிண ஊர்வலமா?'
மெல்லப் பேசு, பணம் கொடுத்த பிணங்கள், என்றேன்.

எண்ணெய்ப் பனைகள் முடிந்து சாலை திரும்பியது.
பெரிய நாய்ச் சிகரம்
அடிமுதல் நுனிவரை நின்றது, ஒரு துணி மேகமில்லாமல்.
மாதத்தில் பாதி நாள்
'அந்த வெள்ளைக்குப் பின்னால் இருக்கிறது, நம்புங்கள்'
என்று காற்றைக் காட்டிச் சம்பாதிக்கிறவள் நான்.
எழுப்பவேண்டும். நூற்றிருபது யூரோ.
எஞ்சினை அணைத்தால் தானாகவே விழிப்பார்கள்.
அணைக்கவில்லை.
இரண்டாம் கியரில், நடக்கிற வேகத்தில் உருட்டினேன்.
விரல் நீட்டாமல், உயரம் சொல்லாமல்,
எரிமலைக் கதை சொல்லாமல்,
பதினோரு வருடத்தில் முதல்முறை
சும்மா பார்த்தேன்.
மேலே ஏதோ ஒரு பறவை. பெயர் தெரிந்த பறவைதான்.
யாரும் கேட்கவில்லை.
பிறகு வெள்ளை வந்து மூடியது.

போர்ட்டோ அலெக்ரேயில் சுட்ட மீன், சீமைப்பலா வறுவல்.
சிகரம் தாண்டிவிட்டதா என்றார் வவுட்டர்.
இன்றைக்கு மேகம், ஐயா, என்றேன்
முள்ளை எடுத்தபடி.
கோடலீவ் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்தியில் விடுதி வாசல்.
அவர் கைகுலுக்கிப் போய்விட்டார்.
அவள் பத்து யூரோவை நாலாக மடித்து
என் உள்ளங்கையில் வைத்து,
'முழங்கால் இப்போது வலிக்கிறதா?' என்றாள்.

மழைக்கு மட்டும், என்றேன்.

எதுவரை விழித்திருந்தாள் என்று கேட்கவில்லை.
வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவும்போது
பின்கதவுக் கண்ணாடியில்
நெற்றி அளவுக்கு எண்ணெய்க் கறை,
அதன் பக்கத்திலேயே
கையால் துடைத்துவிட்ட ஒரு வட்டம்.